நான்கு சில்லும் இழுக்கும் மஞ்சள் பஸ்: அமெரிக்கச் சந்தையில் ஓர் அரிய சரக்கைத் தேடுவது எப்படி?

பாவித்த வாகன வியாபாரத்தில் இருக்கும் நமது வாசகர்களுக்கு ஒரு விடயம் நன்கு தெரியும். சந்தையில் தாராளமாகக் கிடைக்கும் வாகனத்தை வாங்கி விற்பதற்கு முதல் இருந்தால் போதும். அரிதாகக் கிடைக்கும் வாகனத்தை வாங்கி விற்பதற்கு முதலோடு விபரமும் வேண்டும். இந்த இரண்டாவது வகை வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதைக் காட்ட, அமெரிக்காவில் பலர் வருடக்கணக்கில் தேடித் திரியும் ஒரு பொருளை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். அது நான்கு சில்லும் இழுக்கும் பாடசாலை பஸ். இடப்பக்க ஸ்டியரிங் கொண்ட அந்த வண்டி நமது வீதிக்கு உதவாது. இருந்தாலும் அதனைத் தேடும் முறையில் நமக்கு உதவக்கூடியவை நிறைய இருக்கின்றன.

அமெரிக்காவின் மஞ்சள் நிறப் பாடசாலை பஸ்ஸைப் படங்களிலாவது பார்க்காதவர் இருக்க முடியாது. 1939ஆம் ஆண்டு நியூயோர்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மாநாடொன்றில் அந்த நிறம் தீர்மானிக்கப்பட்டது. விடிகாலையின் மங்கிய வெளிச்சத்திலும் அதன் மேல் எழுதிய கறுப்பு எழுத்து தெளிவாகத் தெரியும் என்பதே காரணம். இன்று அந்நாட்டில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பாடசாலை பஸ்கள் ஓடுகின்றன. பெரிய பஸ்ஸென்றால் 12 முதல் 15 வருடங்களும், வேன் சேஸியில் கட்டிய சிறிய பஸ்ஸென்றால் 8 முதல் 10 வருடங்களும் பாவித்துவிட்டுக் கழிக்கலாம் என்பது அங்குள்ள மாநிலப் போக்குவரத்துப் பணிப்பாளர்களின் சங்கம் கூறும் பொதுவான கணக்கு. கழிக்கும் நாளிலும் அந்த பஸ் ஓடக்கூடிய நிலையிலேயே இருக்கும். பிள்ளைகளை ஏற்றும் வாகனமாதலால் சேர்விஸ் தவறாமல் நடந்திருக்கும், பரிசோதனைப் பதிவுகளும் இருக்கும். இருந்தும் ஏலத்தில் அது சில ஆயிரம் டொலருக்குப் போய்விடுகிறது. ஏனெனில் பாடசாலைக்கு உதவாது என்று தள்ளிய பஸ்ஸை வாங்க அந்நாட்டில் ஆட்கள் குறைவு.

நெடுங்காலமாக இவற்றை மொத்தமாக வாங்கி வந்தவர்கள் மத்திய அமெரிக்க வியாபாரிகள். குறிப்பாக குவாத்தமாலாக்காரர்கள் ஏலத்தில் எடுத்த பஸ்ஸை மெக்சிகோ ஊடாக ஓட்டிச் சென்று, பொடியை வெட்டி நீளம் குறைத்து, வர்ணம் பூசி, மலைப் பாதைகளில் பயணிகள் சேவைக்கு விடுகிறார்கள். பின்னர் அமெரிக்காவிலேயே இன்னொரு வகை வாங்குபவர்கள் பெருகினர். ஆசனங்களைக் கழற்றிவிட்டு கட்டில், சமையலறை, தண்ணீர்த் தாங்கி, சூரிய மின்தகடு எல்லாம் பொருத்தி, பஸ்ஸை நடமாடும் வீடாக்கிக்கொள்பவர்கள் இவர்கள். அப்படி மாற்றிய பஸ்ஸை அங்கே செல்லமாக 'ஸ்கூலி' என்று அழைக்கிறார்கள்.

இந்த ஸ்கூலிக்காரர்களில் ஒரு பகுதியினருக்குத் தார் வீதியோடு திருப்தியில்லை. காட்டுப் பாதை, பாலைவன மணல், பனி மூடிய மலை என்று தூர இடங்களுக்குப் போய்த் தங்க ஆசைப்படுகிறார்கள். அதற்கு முன் சில்லும் சேர்ந்து இழுக்க வேண்டும் என்று நினைத்து, நான்கு சில்லு இழுவை கொண்ட பாடசாலை பஸ்ஸைத் தேடத் தொடங்குகிறார்கள். ஐந்து இலட்சம் பஸ் ஓடும் நாட்டில் ஒன்று கிடைக்காதா என்று நினைப்பார்கள். மாதங்கள் கழியும், ஒன்றுகூட அகப்படாது.

ஏன் கிடைப்பதில்லை?

வாங்கியவரின் தேவையைப் பார்த்தால்தான் இதற்குக் காரணம் விளங்கும். பாடசாலை நிர்வாகம் பஸ் வாங்குவது அரச பணத்தில், கேள்விப்பத்திரம் கோரி. முன் சில்லும் இழுப்பதென்றால் இன்னொரு டிபரன்ஷல், இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸ், இன்னொரு ஷாப்ட் என்று விலை பெருமளவு கூடும். எடை கூடும், டீசல் கூடுதலாகக் குடிக்கும், படிக்கட்டின் உயரமும் கூடும். ஐந்து வயதுப் பிள்ளை ஏற வேண்டிய படி அது.

இத்தனை செலவு செய்து கிடைக்கும் பயனோ குறைவு. பஸ்ஸின் பின் அச்சில் இரட்டைச் சில்லு, அதன் மேல் பெரும் எடை. ஆகவே சாதாரணப் பனியில் பின் சில்லே போதுமான பிடியைக் கொடுக்கிறது. அதுவும் போதாத இடங்களில், சாரதி ஆசனத்தில் இருந்தபடியே ஒரு சுவிட்சைத் தட்டினால் பின் சில்லுக்கு அடியில் சங்கிலித் துண்டுகளைச் சுழற்றி வீசும் தானியங்கிச் சங்கிலிப் பொறி இருக்கிறது. 'ஒன்ஸ்பொட்' என்ற பெயரில் விற்கப்படும் அது அங்குள்ள பனிப் பிரதேசப் பாடசாலை பஸ்கள் பலவற்றில் பூட்டப்பட்டிருக்கிறது. நான்கு சில்லு இழுவைக்கு ஆகும் செலவில் மிகச் சிறு பங்குதான் இதற்கு ஆகும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பாதை மோசமென்றால் அன்று பாடசாலையை மூடிவிடுவார்கள். லொறிக்காரனுக்கும் தீயணைப்புப் படைக்கும் அந்த வசதி இல்லை. வெள்ளமும் பனியும் வந்த நாளில் விடுமுறை விடக்கூடிய ஒரு நிறுவனம் விலை கூடிய வண்டியை ஏன் வாங்க வேண்டும்?

ஆகவே இந்தப் பொருளின் அருமை வயதினால் வந்ததல்ல. ஆரம்பத்திலேயே மிகச் சில பஸ்கள்தான் இப்படிக் கட்டப்பட்டன. பழைய சரக்கில் அருமை வேறு, பிறப்பிலேயே அருமை வேறு. முன்னையது எங்காவது கொட்டிலில் கிடக்கலாம் என்ற நம்பிக்கை உண்டு. பின்னையதற்கு, யார் வாங்கியிருப்பார்கள் என்று கண்டுபிடித்தால் மட்டுமே வழி.

வாங்கியே தீர வேண்டியிருந்தவர்கள்

விடுமுறை விட்டுத் தப்ப முடியாதவர்களைத் தேட வேண்டும். கொலராடோ, மொண்டானா, வயோமிங், ஐடஹோ, அலாஸ்கா போன்ற மாநிலங்களில் மலைக்குள் இருக்கும் சிறிய பாடசாலை வலயங்கள் முதலில் வருகின்றன. அங்கே பனி சில நாட்கள் பெய்து ஓயும் விடயமல்ல, மாதக்கணக்கில் கிடக்கும். எல்லா நாளும் மூடினால் படிப்பு நடக்காது.

இரண்டாவது, பழங்குடி மக்களின் பிரதேசங்கள். அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா ஆகிய மூன்று மாநிலங்களில் பரந்து கிடக்கும் நவஹோ மக்களின் நிலத்தில் பெரும்பாலானவை மண் பாதைகளே. மழை பெய்தாலும் பனி உருகினாலும் களிமண் குழம்பாகி, பஸ் புதைந்து நின்றுவிடும். இத்தகைய பாதைகளால் பழங்குடிப் பிள்ளைகளின் பாடசாலை வரவு பாதிக்கப்படுவது பற்றி அமெரிக்க அரசாங்கத்தின் பொறுப்புக்கூறல் அலுவலகம் 2017ஆம் ஆண்டு ஓர் அறிக்கையே வெளியிட்டது. நமக்கு இது வாகன விலை பற்றிய பேச்சு. அங்குள்ள ஒரு தாய்க்கு, பிள்ளை இன்று பாடசாலை போகுமா என்ற கேள்வி. நான்கு சில்லு இழுவை அங்கே ஆடம்பரமல்ல என்பதால்தான் அந்த வட்டாரத்தில் இவ்வகை பஸ் கண்ணில் படுகிறது.

மூன்றாவது வகையினர் பாடசாலைக்காரர்களே அல்லர். சுரங்கங்கள், எண்ணெய்க் கிணறுகள், பனிச்சறுக்கு விடுதிகள் தமது ஆட்களை ஏற்றிச் செல்ல இதே சிறிய பஸ் பொடியை நான்கு சில்லு லொறி சேஸியில் கட்டி வாங்குகின்றன. உட்புறத்தைப் பிரித்துவிட்டு வீடு அமைக்கப்போகிறவருக்கு அது முன்னர் மாணவரை ஏற்றியதா, தொழிலாளரை ஏற்றியதா என்பதில் என்ன இருக்கிறது? 'பாடசாலை பஸ்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறவர் இந்த முழுச் சந்தையையும் தவறவிட்டுவிடுகிறார்.

எங்கே, எப்படிக் கட்டினார்கள்?

இவ்வகை பஸ்களைப் பிறப்பு வகையில் பிரித்து அறிந்திருப்பது அவசியம். விலையும் உதிரிப்பாகமும் அதிலேதான் தங்கியிருக்கின்றன.

சிறிய பஸ்கள் பெரும்பாலும் ஃபோர்ட் ஈ வரிசை அல்லது செவ்ரலே வேன் சேஸியில் கட்டப்பட்டவை. ஃபோர்ட் நிறுவனம் ஈ வரிசை வேனைத் தொழிற்சாலையில் ஒருபோதும் நான்கு சில்லு இழுவையோடு செய்ததில்லை. ஆகவே அந்த வேனில் கட்டிய பஸ்ஸில் முன் சில்லு இழுக்கிறதென்றால், யாரோ ஒருவர் பின்னர் மாற்றியிருக்கிறார் என்று அர்த்தம். பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள குவிக்லி நிறுவனம் இந்த வேலையில் பேர்பெற்றது. அதன் மாற்றம் என்றால் பாகம் தேடலாம், கையேடு கிடைக்கும். யாரென்று தெரியாத ஒரு கராஜின் கைவேலையென்றால் ஒவ்வொரு பாகமும் எந்த வாகனத்திலிருந்து கழற்றியது என்று நாமே ஆராய வேண்டி வரும்.

பெரிய பஸ்ஸில் கதை வேறு. நீண்ட மூக்குள்ள பஸ் உண்மையில் ஒரு நடுத்தர லொறிதான். இன்டர்நெஷனல் போன்ற லொறிக் கம்பனியின் சேஸியில் புளூ பேர்ட், தோமஸ் போன்ற பொடிக் கம்பனிகள் உடலைக் கட்டியிருக்கும். இத்தகைய எடைக்கு ஏற்ற முன் இழுவை அச்சையும் டிரான்ஸ்பர் கேஸையும் செய்பவர்களில் மார்மன்-ஹெரிங்டன் முக்கியமானது. 1931இல் இண்டியானாபோலிஸ் நகரில் ஆரம்பமாகி, 1935 முதல் ஃபோர்ட் லொறிகளை நான்கு சில்லு இழுவைக்கு மாற்றிக் கொடுத்த பழைய நிறுவனம் அது. இன்று கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் இயங்குகிறது. அதன் பெயர்த் தகடு அச்சிலோ டிரான்ஸ்பர் கேஸிலோ இருந்தால், லொறி உலகத்துப் பாகங்கள் அதற்குப் பொருந்தும் என்று ஓரளவு நிம்மதியாக இருக்கலாம்.

இவை இரண்டுக்கும் நடுவில் ஃபோர்ட் எஃப்-550 போன்ற சேஸிகள் இருக்கின்றன. தொழிற்சாலையிலேயே நான்கு சில்லு இழுவையோடு வரும் இவற்றில் கட்டிய ஆளேற்றி பஸ்களே எனது கருத்தில் வாங்குவதற்குச் சிறந்தவை. எந்த ஊர் முகவரிடமும் பாகம் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் கை வைப்பார்.

தேடும் முறை

அரச பொருட்களை ஏலம் விடும் இணையத் தளங்கள் அங்கே பல உண்டு. கவ்டீல்ஸ், பப்ளிக் சர்பிளஸ், மத்திய அரசின் ஜீ.எஸ்.ஏ. ஏலம் என்பன பிரபலமானவை. எல்லோரும் செய்வதைப் போல 'நான்கு சில்லு பஸ்' என்று எழுதித் தேடினால் இரண்டு வகை ஏமாற்றம் காத்திருக்கிறது.

ஒன்று, நான்கு சில்லு என்று போட்டிருக்கும், உண்மையில் இருக்காது. விபரம் நிரப்பும் எழுதுவினைஞர் வாகனத்தை ஓட்டியவர் அல்லர், கட்டத்தில் எதையோ அடையாளமிட்டுவிட்டுப் போய்விடுவார். 'லிஃப்ட் உள்ள பஸ்' என்ற விளம்பரத்தைப் பார்த்து, உயர்த்திக் கட்டிய பஸ் என்று ஓடிப் போனவர்களும் உண்டு. அது சக்கர நாற்காலியை ஏற்றும் மின்தூக்கி! (அதுவும் முற்றாக வீணல்ல. அத்தகைய பஸ்ஸில் பக்கவாட்டில் அகலமான கதவு இருக்கும், வீடாக மாற்றுபவருக்கு நல்ல வசதி.)

மற்றது இதற்கு நேர்மாறானது. உண்மையில் நான்கு சில்லும் இழுக்கும், ஆனால் விபரத்தில் வெறும் 'பஸ், டீசல், மஞ்சள்' என்று இருக்கும். விபரம் தெரிந்தவருக்கு இலாபம் இங்கேதான். ஆகவே சொல்லைத் தேடாமல் படத்தைப் பார்க்கப் பழக வேண்டும். இழுக்கும் முன் சில்லின் நடுவில் ஹப் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சாதாரண முன் சில்லில் சிறிய மூடி மட்டுமே தெரியும். முன்புறத்தைக் கீழிருந்து எடுத்த படம் இருந்தால் டிபரன்ஷலின் குண்டு தெரியும். சாரதிக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு லீவரோ முன் அச்சுக்கான சுவிட்சோ இருக்கும். பஸ் வழமையை விட உயரமாக நிற்பதும் ஓர் அறிகுறி.

இதைவிடச் சிறந்த வழி ஏலத்துக்கு முன்னரே போய்ச் சேர்வது. மலைப் பிரதேச வலயங்களின் போக்குவரத்துப் பிரிவுக்குத் தொலைபேசியில் கதைத்து, 'உங்களிடம் நான்கு சில்லு பஸ் இருக்கிறதா, எப்போது கழிப்பீர்கள்?' என்று கேட்பதில் தவறில்லை. அலுவலகத்தில் இருப்பவரை விட கராஜில் இருக்கும் மெக்கானிக்கைப் பிடித்துக் கேட்டால் பத்து நிமிடத்தில் அந்த வண்டியின் முழுச் சரித்திரமும் வந்துவிடும். பெரும்பாலான மாநிலங்களின் நிதியாண்டு ஜூன் 30இல் முடிகிறது. புதிய பஸ் பாடசாலை தொடங்கும் முன் வந்து சேரும். ஆகவே கழித்த பஸ்கள் கோடையில்தான் அதிகமாக ஏலத்துக்கு வருகின்றன. வசந்த காலத்திலேயே விசாரித்து வைத்தவர் கோடையில் முந்திக்கொள்வார்.

பார்த்து வாங்குதல்

இந்த இடத்தில் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. பல வருடங்களுக்கு முன் நான் இங்கே ஒரு விற்பனை நிலையத்தில் நான்கு சில்லு பிக்கப் ஒன்று வாங்கினேன். லீவர் இருந்தது, முன் டிபரன்ஷலும் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகு சேற்றில் அகப்பட்டபோதுதான், இரண்டுக்கும் நடுவில் ஷாப்ட் இல்லை என்பது தெரிந்தது. சத்தம் போடுகிறது என்று யாரோ முன்னமே கழற்றிவிட்டிருந்தார்கள். விற்றவர் நான் கேட்கவில்லை என்றார். நான் கேட்கவில்லைதான். குனிந்து பார்க்கவுமில்லை.

அமெரிக்க ஏலத்தில் 'உள்ளபடி, உள்ள இடத்தில்' என்ற நிபந்தனையோடுதான் விற்கிறார்கள். உத்தரவாதம் கிடையாது. ஆகவே குனிந்து பார்ப்பது இன்னும் அவசியம். முதலில், முன் டிபரன்ஷலின் பல் விகிதமும் பின் டிபரன்ஷலின் பல் விகிதமும் பொருந்த வேண்டும். முன்னும் பின்னும் ஒரே சுற்றளவுள்ள டயர் இருக்க வேண்டும். இவை பொருந்தாவிட்டால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்து ஷாப்டையோ டிரான்ஸ்பர் கேஸையோ உடைத்துவிடும். நான்கு சில்லு இழுவையைப் போட்டு, மண் தரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். காய்ந்த தார் வீதியில் அதைச் செய்யக் கூடாது. அங்கே சில்லு சறுக்கிக் கொடுக்காததால் முழு அழுத்தமும் பல்லுச் சக்கரங்களில் விழும். டிரான்ஸ்பர் கேஸில் மிகக் குறைந்த வேகத்துக்கான கியர் இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கைச் சூடாக்காமல் இறங்க அதுதான் உதவும்.

அடுத்தது கறல். வடக்கிலும் வடகிழக்கிலும் பனியை உருக்க வீதியில் உப்புப் போடுகிறார்கள். அங்கு ஓடிய பஸ்ஸின் அடித்தகரம் வெளியே மஞ்சளாகவும் உள்ளே சல்லடையாகவும் இருக்கும். ஆசனங்கள் தரையைத் துளைத்து ஆணி பூட்டியவை. அந்தத் துளைகளால் இறங்கிய நீர் ரப்பர் விரிப்புக்கும் பலகைக்கும் கீழே தேங்கி நின்றிருக்கும். மேற்கின் காய்ந்த மாநிலங்களில் ஓடிய வண்டிக்குச் சில நூறு டொலர் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை.

இன்ஜினில், இன்டர்நெஷனலின் டீ.டீ.466, கம்மின்ஸின் 5.9 லீற்றர் இரண்டும் நல்ல பெயர் எடுத்தவை. முதலாவது, வண்டியிலிருந்து இறக்காமலே லைனர் மாற்றக்கூடிய அமைப்பு. சிறிய பஸ்ஸில் 2003 வரை வந்த 7.3 லீற்றர் டீசலைத் தேடுகிறவர்கள் அதிகம், அதனால் விலையும் அதிகம். கியர் பொக்ஸில் கவனம் தேவை. அலிசன் ஏ.டீ.545 என்ற நான்கு கியர் ஒட்டோமெட்டிக் பழைய பஸ்களில் ஏராளம். அதில் டோர்க் கன்வேர்ட்டரைப் பூட்டும் வசதி இல்லாததால் மலை ஏற்றத்தில் எண்ணெய் கொதிக்கும். தட்டையான ஊரில் பிள்ளைகளை ஏற்றிய வரை அது குறையாகத் தெரிந்திருக்காது. மலைக்குப் போகவென்றே வாங்குகிறவருக்குப் பெரும் குறை. 2007க்குப் பிந்திய டீசல்களில் புகை வடிகட்டி வந்துவிட்டது. வேகமாக, நீண்ட தூரம் ஓடினால்தான் அது சுத்தமாகும். காட்டுக்குள் மெதுவாக ஊர்ந்து திரியும் வண்டிக்கு இது ஒத்துவராது.

நாமே மாற்றினால் என்ன?

சாதாரண பஸ் மலிவு, அதை வாங்கி நான்கு சில்லாக மாற்றலாமே என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். தாளில் சரியாக வரும். முன் அச்சு, டிரான்ஸ்பர் கேஸ், ஷாப்ட், ஸ்பிரிங், ஸ்டியரிங் இணைப்பு, பிரேக் குழாய் எல்லாம் மாற வேண்டும். வேன் அளவு வண்டிக்கே இந்த வேலை பத்தாயிரம் டொலரைத் தாண்டும். பெரிய பஸ்ஸுக்கு அதைப் போலப் பல மடங்கு. உதாரணத்துக்கு 4,000 டொலருக்கு வாங்கிய பஸ்ஸில் 25,000 டொலர் செலவழித்தால் அது 29,000 டொலர் பஸ் ஆகிவிடாது. அடுத்துத் வாங்குபவர் 'யார் மாற்றியது?' என்று கேட்பார். பெயர் சொல்லக்கூடிய நிறுவனமென்றால் போட்ட பணத்தில் ஒரு பகுதி திரும்பும், இல்லையென்றால் அதுவுமில்லை. சொந்தப் பாவனைக்குச் செய்கிறவர் செய்யட்டும். விற்கும் நோக்கத்தில் செய்வது புத்திசாலித்தனமல்ல.

இன்னும் ஒரு கேள்வியை வாங்குபவர் தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது. நான்கு சில்லு உண்மையில் தேவையா? பாதையில் பஸ் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் சில்லு இழுக்காததால் அல்ல, உடல் நீளத்தால். பாடசாலை பஸ்ஸின் பின் அச்சுக்குப் பின்னால் பொடி நீண்டு தொங்குகிறது. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது வால் தரையில் உரசும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் அதிகமென்றால் மேட்டின் முதுகில் வயிறு தட்டும். 12 மீற்றர் பஸ்ஸுக்கு ஆறு சில்லும் இழுத்தாலும் வளைவில் திரும்ப முடியாது. ஆகவே இவ்விடயத்தில் பழகியவர்கள் குட்டை பஸ்ஸையே தேடுகிறார்கள். ஐந்து அல்லது ஆறு ஜன்னல் உள்ள பஸ்ஸில் நல்ல டயரும், பூட்டக்கூடிய பின் டிபரன்ஷலும், முன்னால் ஒரு வின்ச்சும் இருந்தால், காட்டு இலாகாவின் கிரவல் பாதைகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்குப் போய் வரலாம். குவாத்தமாலாவின் மலைகளில் தினமும் ஓடும் அந்தப் பழைய பஸ்கள் எல்லாம் பின் சில்லால் மட்டும் இழுபடுபவைதானே.

எனவே சந்தையில் உள்ள விலை இரண்டு பேரால் தீர்மானிக்கப்படுகிறது. உண்மையில் தேவைப்படுபவர் ஒருவர், ஆசைப்படுபவர் பத்துப் பேர். வாங்கி விற்க நினைக்கும் வியாபாரி இதை மறக்கக் கூடாது. விசாரிப்பவர்கள் ஏராளமாக வருவார்கள், படத்தைக் கேட்பார்கள், காசோடு வருபவர் அபூர்வம். வண்டி மாதக்கணக்கில் நிற்கும், நிறுத்தும் இடத்துக்கு வாடகை போகும். இப்படி முதலை முடக்கிவைக்கத் தாங்குமா என்று பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். ஒரேயொரு பஸ்ஸை வாங்கி, பாகங்களின் பட்டியலையும் மாற்றிய நிறுவனத்தின் பெயரையும் சேர்விஸ் பதிவுகளையும் ஒரு கோப்பாக்கி, குறைகளையும் எழுதி வைத்து விற்பவருக்கே நல்ல விலை கிடைக்கிறது. வாங்குபவர் கொடுக்கும் கூடுதல் பணம் அந்தக் கோப்புக்குத்தான்.

பழைய பஸ்ஸின் வரத்தும் குறையக்கூடும். 2021ஆம் ஆண்டின் உட்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ், பாடசாலை பஸ்களைப் புகை குறைந்தவையாக மாற்ற ஐந்து வருடங்களுக்கு 500 கோடி டொலர் ஒதுக்கப்பட்டது. அந்தப் பணத்தில் புதிய பஸ் எடுக்கும் வலயம், 2010 அல்லது அதற்கு முந்திய டீசல் பஸ்ஸை மாற்றினால் பழையதை அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. இன்ஜின் புளொக்கில் மூன்று அங்குலத் துளை போட்டு, சேஸியின் இரு பக்கச் சட்டத்தையும் வெட்டிவிடுகிறார்கள். ஸ்கூலிக்காரர்கள் விரும்பித் தேடும் வயது வண்டிகள் இவையேதான்.

கடைசியாகப் பத்திர வேலை. ஏலத்தில் வென்றவர் விலைக்கு மேல் ஏலத் தளத்தின் கட்டணத்தையும் கட்டி, குறித்த நாட்களுக்குள் வண்டியை எடுத்துச் செல்ல வேண்டும். பிந்தினால் தண்டம். பல மாநிலங்களில் மஞ்சள் நிறத்தை மாற்றி, 'பாடசாலை பஸ்' என்ற எழுத்தையும் நிறுத்தற் பலகையையும் சிவப்பு மின்னும் விளக்குகளையும் அகற்றாமல் வீதியில் ஓட்ட முடியாது. 26,000 இறாத்தலுக்கு, அதாவது சுமார் 11,800 கிலோவுக்கு மேற்பட்ட வண்டியை ஓட்ட வர்த்தகச் சாரதி அனுமதிப்பத்திரம் தேவை. நடமாடும் வீடாகப் பதிந்தால் பெரும்பாலான மாநிலங்களில் அந்தத் தேவை நீங்கும். ஆனால் அப்படிப் பதிவதற்குக் கட்டில், அடுப்பு, தண்ணீர் வசதி இருக்க வேண்டும் என்பார்கள். காப்புறுதி நிறுவனங்களோ, பாதி வேலையில் நிற்கும் பஸ்ஸைப் பஸ்ஸாகவும் எடுப்பதில்லை, வீடாகவும் எடுப்பதில்லை. ஆகவே ஏலத்தில் விலை கூறும் முன்னரே ஒரு காப்புறுதி முகவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். வண்டியை எடுத்த பிறகு அலைந்தால், காப்புறுதி கிடைக்கும் வரை அது விற்றவரின் முற்றத்திலேயே நிற்கும், தண்டமும் நாளுக்கு நாள் ஏறும்.